ஆடும் பலகை

அத்தியாயம் 9

காலையில் சுலிக்கா பட்டறைக்குள் நுழைந்தபோது சிமென்ட் தளத்தில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருந்தது. ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். நடுவில் பெரிய எழுத்தில் 'மெஷின்'.

தம்பி மஷூதியின் கையெழுத்து.

கொட்டகை முழுக்க மண் தரை. அந்த ஒரு மூலைக்கு மட்டும்தான் அப்பா சிமென்ட் போட்டிருந்தார். இருபது வருடமாக உப்புத்தாள் தேய்க்கிற பெண்கள் அங்கேதான் பாய் விரித்து உட்காருகிறார்கள். இன்றைக்கு அவளுடையதையும் சேர்த்து நாலு பாயும் சுருட்டி, சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

சனிக்கிழமை சொன்னதை அவன் கோபத்தில் சொல்லிவிட்டான், திங்கட்கிழமைக்குள் ஆறிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆறவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தான்: "டிரம் சாண்டர்னு தேய்க்கிற மெஷின் ஒண்ணு வாங்கிட்டா தேய்க்க ரெண்டு பேர் போதும். நாலு பேர் எதுக்கு?"

எந்த ரெண்டு பேர் என்று சொல்லவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டிலும் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

எல்லாம் அந்தப் பலகைகளால் வந்தது. செமாராங் ஏஜென்ட் மூலமாக ஆஸ்திரேலியாவில் ஒரு கடைக்கு இருநூற்று நாற்பது காய் நறுக்கும் பலகை. எல்லாம் தேக்கு. முதல் எண்பது செமாராங் வரை போயின, திரும்பி வந்தன. மறுபடி தேய்த்து அனுப்பினார்கள், மறுபடியும் வந்தன. வியாழக்கிழமை ஏஜென்டின் ஆள் நேரில் வந்து பார்க்கப் போகிறார். அன்றைக்கும் சரியில்லை என்றால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

பட்டறை அக்கா, தம்பி இருவர் பெயரிலும் இருக்கிறது. அவள் சரி சொல்லாமல் அவன் மெஷின் வாங்க முடியாது. அவள் வேண்டாம் என்றால் ஆர்டர் போகும், நாலு பேருக்கும் வேலை இருக்காது. சரி என்றால் ரெண்டு பேருக்கு இருக்காது. அந்த ரெண்டு பேர் யார் என்று தேய்ப்புக்குத் தலைவியான அவள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

"இது என்ன, எங்களுக்குக் குழி வெட்ட அளவெடுத்திருக்கானா உன் தம்பி?"

ருக்கானா வந்துவிட்டாள். ஐம்பத்து மூன்று வயது. வாய்க்கு வயதே ஆகவில்லை.

"நாலு பேருக்கும் சேர்த்து ஒரே குழிதான் போல," என்றாள் பின்னால் வந்த தர்வாதி. "ருக்கானா அக்கா, நீங்க ஓரமா படுத்துக்கங்க. நடுவுல படுத்தா எங்களைப் பேசியே கொன்னுடுவீங்க."

கடைசியாக வந்த கஸ்மினி சிரிக்கவில்லை. கட்டத்தைப் பார்த்தாள். தன் விரல் நுனிகளைப் பார்த்தாள்.

பதினாறு வருடம் தாள் பிடித்த விரல்கள் அவை. போன வருடம் அடையாள அட்டை புதுப்பிக்கப் போனபோது அங்கே இருந்த கருவி அவள் ரேகையைப் படிக்கவே இல்லை. ஐந்து தடவை வைத்துப் பார்த்துவிட்டு அந்த ஆபீசர் "நிஜமாவே உங்களுக்கு விரல் இருக்கா?" என்று கேட்டாராம். "அவ ரேகை எல்லாம் ஹாலந்துல எவனோ வீட்டு மேசையில ஒட்டிக்கிட்டு இருக்கு, அங்க போய் எடுத்துக்கச் சொல்லு" என்று ருக்கானா சொன்னது இன்னமும் பட்டறையில் ஓடுகிற கேலி.

"அக்கா, நான் தேய்ச்சதாலதான் பலகை திரும்பி வந்துச்சா?" என்று கேட்டாள் கஸ்மினி.

"யாரு சொன்னா?"

"பேர் சொல்லல. ஆனா மஷூதி அண்ணன் சொல்லும்போது என் பலகையத்தான் கையில வெச்சிருந்தாரு. அலுஸ் பத்தலன்னாரு."

அலுஸ். இவர்கள் ஊரான ஜெப்பாராவில் அந்த வார்த்தை இல்லாமல் ஒரு பொழுது போகாது. மரம் வழவழப்பாக இருந்தால் அலுஸ். மாவு நைசாக இருந்தால் அலுஸ். மருமகள் குரலை உயர்த்தாமல் பேசினால் அதுவும் அலுஸ்தான். வேலை எதுவானாலும், அதில் என்ன குறை இருந்தாலும், 'அலுஸ் பத்தல' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

பதினோரு நாளாக நாலு பேரும் அந்த வார்த்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இருநூற்று நாற்பது நம்பர் தாள். அப்புறம் நானூறு நம்பர். தாள் சுற்றிப் பிடிக்கும் தேய்ப்புக் கட்டையை ஓரமாக வைத்துவிட்டு, தாளை மடித்து வெறும் கையால் தேய்த்தார்கள். அப்படித் தேய்த்தால்தான் அலுஸ் வரும். இப்போது அந்தப் பலகைகள் மேல் கன்னத்தை வைக்கலாம் போல இருந்தன.

"பாயை விரிங்க," என்றாள் சுலிக்கா. "நான் பாங்ஸ்ரி போய் மெஷினைப் பாத்துட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். அது வரைக்கும் யாரும் எங்கயும் போக வேணாம்."

"கட்டத்து மேலயா விரிக்கிறது?"

"கட்டத்து மேலதான்."

அடுக்கியிருந்ததில் நன்றாக வந்த ஆறு பலகைகளை எடுத்து அரிசிச் சாக்கில் போட்டாள். ஒவ்வொன்றின் அடியிலும் தேய்த்தவளின் முதல் எழுத்து பென்சிலில் இருக்கும். அவளுடைய 'சு' பலகை மேலே இருந்தது. அதற்கு அடியில் கஸ்மினியின் 'க'.

---

மஷூதி பிக்கப் வண்டியை வீட்டு வாசலில் உறுமவிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஈஸ்தி வறுத்த சோயா வில்லையான தெம்பே பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"போற வழியில சாப்பிடுங்க. சண்டை போடுறதா இருந்தா திரும்பி வரும்போது போடுங்க, தெம்பே ஆறிடும்."

பாதி வழி வரை இருவரும் தெம்பேயைத்தான் மென்றார்கள். ம்லோங்கோ சந்தை தாண்டியதும் சுலிக்கா ஆரம்பித்தாள்.

"அந்தக் கட்டம் எதுக்குடா?"

"இடம் பத்துமான்னு பாத்தேன். மெஷின் மண் தரையில நிக்காதுக்கா. சிமென்ட் அங்க மட்டும்தானே இருக்கு."

"சரி. பாயை ஏன் சுருட்டுன?"

அவன் முன்னால் போன லாரிக்கு ஹாரன் அடித்தான்.

"அக்கா, கையால ஒரு பலகைக்கு நாப்பது நிமிஷம் ஆகுது. துண்டு துண்டா நிக்க வெச்சு ஒட்டின மரம், நார் நுனி எல்லாம் மேல பாத்துக்கிட்டு இருக்கு. இழைப்பு மெஷின்ல விட முடியாது. அன்னைக்கு ஒண்ணு விட்டேனே, ஓரம் பிச்சுக்கிட்டுப் போய் சுவத்துல அடிச்சது ஞாபகம் இருக்கா?"

"என் தலையில அடிக்க இருந்துச்சு. மறப்பேனா?"

"அப்புறம் என்ன? வேற வழி இருந்தா நீயே சொல்லு."

"நான் மெஷின் வேணாம்னு சொல்லலடா. பாக்காம சரின்னு சொல்ல மாட்டேன்னு சொல்றேன்."

"பாத்தா மட்டும் உனக்குப் பிடிச்சுடுமா?"

"பிடிக்கறதுக்கு நான் என்ன மாப்பிள்ளையா பாக்கப் போறேன்?"

மஷூதிக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு நாளில் முதல் தடவை. உடனே முகத்தை மாற்றிக்கொண்டான்.

---

மெஷினை விற்கிற சுத்ரிமோவின் பட்டறை பெரியது. முன்பு கதவு செய்துகொண்டிருந்தார். இப்போது நாற்காலி மட்டும்.

"நல்ல மெஷின்னா எதுக்குண்ணே விக்கிறீங்க?" சுலிக்கா உட்காருவதற்கு முன்பே கேட்டாள்.

"கதவு ஆர்டர் நின்னுபோச்சும்மா. நாற்காலிக் கால் உருண்டையா இருக்கு, இதுக்குள்ள விட்டா தட்டையாத்தான் வெளிய வரும். ஏழு மாசமா கோழி முட்டை போடுது அதுல."

நிஜமாகவே ஒரு கோழி அதன் அடியிலிருந்து எழுந்து போனது.

பச்சை பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி. உள்ளே தொடை மொத்தத்தில் ஒரு உருளை. அதன் மேல் உப்புத்தாளைக் கச்சை மாதிரி சாய்வாகச் சுற்றி, இரண்டு முனையிலும் கவ்வியிருந்தது. உருளைக்கு அடியில் ரப்பர் பட்டை. பலகையை வைத்தால் பட்டை அதை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு போய், உருளைக்கு அடியில் கொடுத்து, அந்தப் பக்கம் தள்ளிவிடும். பக்கத்தில் ஒரு கைச்சக்கரம். அதைத் திருப்பினால் பட்டை மேலே ஏறும்.

"பலகையக் காட்டுங்க," என்றார் சுத்ரிமோ.

சுலிக்கா தன்னுடையதை எடுத்து நீட்டினாள். அவர் தடவினார். தலையை ஆட்டினார்.

"யாரு தேய்ச்சது?"

"நான்தான்."

"தங்கமான கை. இதையா திருப்பி அனுப்புனான்?"

"ரெண்டு தடவை," என்றான் மஷூதி.

சுத்ரிமோ பலகையை ரம்ப மெஷினின் இரும்பு மேசை மேல் வைத்தார். சும்மாதான் வைத்தார், கையைத் துடைத்துக்கொள்வதற்காக. வைத்துவிட்டு ஒரு மூலையில் விரலை ஊன்றினார்.

டக்.

விரலை எடுத்தார். மறுபடி ஊன்றினார். டக்.

"ஆடுதேம்மா," என்றார்.

சுலிக்கா கிட்டே வந்தாள். அவளே அழுத்திப் பார்த்தாள். எதிர் மூலை ஒரு அரிசி உயரத்துக்கு எழுந்து உட்கார்ந்தது. சாக்கிலிருந்து மற்ற ஐந்தையும் எடுத்து வரிசையாக மேசையில் வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினாள். டக். டக். டக். ருக்கானாவுடையது கொஞ்சமாக ஆடியது. அவள்தான் சலித்துப்போய் சீக்கிரம் விட்டுவிடுகிறவள். கஸ்மினியுடையது அதிகம் ஆடியது. எல்லாவற்றையும் விட அதிகம் ஆடியது சுலிக்காவுடையது.

இருபத்தெட்டு வருட வேலையில் அவள் பலகையை மடியில் வைத்துத் தேய்த்திருக்கிறாள், மடித்த சாக்கின் மேல் வைத்துத் தேய்த்திருக்கிறாள். தேய்த்ததைப் பாயில் அடுக்கியிருக்கிறாள். இரும்பு மேசை மேல் ஒரு நாளும் வைத்துப் பார்த்ததில்லை. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் அது தேவைப்படவில்லை.

"மஷூதி. அந்த செமாராங் ஏஜென்ட் அம்மா என்ன சொன்னாங்க?"

"அதான் சொன்னேனே. அலுஸ் பத்தலன்னு."

"உன் வார்த்தை வேணாம். அவங்க குரல்ல அனுப்பினாங்கல்ல? அதைப் போடு."

அவன் போனைத் தேடினான். தேடுகிற மாதிரி நின்றான். அப்புறம் போட்டான்.

சாலை இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்ணின் நிதானமான குரல். "தம்பி, பலகை பார்க்க ரொம்ப அழகா இருக்கு. ஆனா மேசை மேல வெச்சா ஆடுது. சமமா இல்ல. கடைக்காரங்க முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. சமமாக்கி அனுப்புங்க."

"இன்னொரு தடவை போடு."

மறுபடி போட்டான். அலுஸ் என்ற வார்த்தை அதில் எங்குமே இல்லை.

சுத்ரிமோ காபி கொண்டுவரப் போகிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டார். விவரமான மனிதர்.

"நீ எங்ககிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்பவும் அப்படித்தானேக்கா சொல்லுவோம்," என்றான் மஷூதி. குரல் இறங்கியிருந்தது. "வேலை சரியில்லன்னா அலுஸ் பத்தலன்னு... அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு. வாயில வந்துடுச்சு."

"ரெண்டாவது தடவை வந்தப்போ?"

"அப்பவும் அவங்க அதேதான் சொன்னாங்க. அவங்க மேசை கோணலா இருக்கும்னு நினைச்சேன்."

சுலிக்கா பலகை மேல் கையை வைத்தாள். வழவழவென்று இருந்தது. சமமில்லாத ஒன்றை அவர்கள் பதினோரு நாள் வழவழப்பாக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் கையால் தேய்த்தபோது விரல் எங்கே குழிந்ததோ மரமும் அங்கே குழிந்திருக்கிறது. அழுத்தம் ஓரத்தில் விழுந்த இடமெல்லாம் ஓரம் இறங்கியிருக்கிறது. அவர்கள் உழைக்க உழைக்க அது இன்னும் ஆடியிருக்கிறது.

கஸ்மினியின் முகம் ஞாபகம் வந்தது. நான் தேய்ச்சதாலதான் வந்துச்சா?

அவள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். தன் பலகையின் முகம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிறுக்கினாள்.

"அண்ணே, காபி அப்புறம். மெஷினைப் போடுங்க."

---

முதலில் மஷூதிதான் ஒன்றை விட்டான். தர்வாதியின் பலகை. பலகை உள்ளே போகப் போக, இன்னும் ஆழமாகத் தேய்க்கட்டும் என்று கைச்சக்கரத்தை அரைச் சுற்று சுற்றிவிட்டான். உருளை முனகியது. கருகல் வாடை வந்தது. பலகையின் மேல் கரியில் இழுத்த மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. அடுத்த நொடி கரண்ட் போய்ப் பட்டறையே அடங்கிவிட்டது.

வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஏங்க, குக்கர் நின்னுபோச்சு."

"தம்பி, அரைச் சுற்று சுத்தினா எங்க வீட்ல சோறு வேகாது," என்றார் சுத்ரிமோ ஸ்விட்சைத் தூக்கிவிட்டபடி. "கால் சுற்றுதான். தேக்குல எண்ணெய் இருக்கு, அவசரப்பட்டா தாள்ல பிசின் ஏறிக்கும். இன்னொண்ணு. இது ஓடும்போது இழைப்பு மெஷினை ஓட்டாதீங்க. உங்க மீட்டர் தாங்காது."

"நான் விடுறேன்," என்றாள் சுலிக்கா.

கால் சுற்று. தன் பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்தாள், தாள் ஒரே இடத்தில் தேயாமல் இருக்க. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கையில் தாள் பிடிக்கிறவளுக்கு அது தெரியும். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டு உருளையின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தாள்.

முதல் தடவை வெளியே வந்தபோது நடுவில் ஒரு தீவு மட்டும் பென்சில் போய்ச் சுத்தமாக இருந்தது. சுற்றிலும் பென்சில் கோடு அப்படியே நின்றது. நாலு மூலையிலும் நிறைய. அவள் கை இத்தனை நாள் எங்கெங்கே அழுத்தியது என்று யாரோ படம் போட்டுக் காட்டின மாதிரி இருந்தது.

கால் சுற்று. மறுபடி. சத்தம் கனத்தபோதெல்லாம் அடுத்த சுற்றைக் குறைத்தாள். ஆறாவது தடவை கடைசி மூலையிலும் கோடு போய்விட்டது. புரட்டிப்போட்டு மறு முகத்தையும் விட்டாள்.

இரும்பு மேசையில் வைத்தாள். ஒரு மூலையை அழுத்தினாள். எதிர் மூலையை அழுத்தினாள். சத்தம் இல்லை.

"அஞ்சு நிமிஷம்," என்றான் மஷூதி போனைப் பார்த்து. அவன் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. "பாத்தியாக்கா?"

சுலிக்கா கண்ணை மூடிப் பலகையைத் தடவினாள். அப்புறம் வந்திருந்த காபியைத் தள்ளிவைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த தண்ணீர் கிளாசில் விரலை நனைத்துப் பலகை மேல் இழுத்தாள். நனைந்த இடத்தில், உருளைத் தாள் கீறிய நேர்கோடுகள் சீப்பால் வாரின மாதிரி எழுந்து நின்றன.

"இதை இப்படியே அனுப்பினா மூணாவது தடவை வரும். எண்ணெய் போட்டதும் எல்லாக் கோடும் தெரியும்."

"அது இருக்கத்தான் செய்யும்மா," என்றார் சுத்ரிமோ. "கடைசிக் கை மனுஷக் கைதான்."

"கட்டை இருக்கா அண்ணே?"

அவர் எடுத்துக் கொடுத்த கட்டையில் தாளைச் சுற்றி, இரும்பு மேசை மேலேயே வைத்துத் தேய்த்தாள். மடியில் வைக்கவில்லை. மஷூதியை நேரம் பார்க்கச் சொன்னாள். பன்னிரண்டு நிமிஷம் ஆனது. நனைத்துப் பார்த்தாள். கோடு இல்லை. அழுத்திப் பார்த்தாள். சத்தமும் இல்லை.

மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. சுத்ரிமோ தொழப் போனார்.

"இப்ப கேளுடா. மெஷின் அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு துப்புது. கைக்குப் பன்னெண்டு நிமிஷம் ஆகுது. நீ சொன்ன மாதிரி ரெண்டு பேர் வெச்சா, ஒருத்தி உள்ள விடணும், ஒருத்தி அந்தப் பக்கம் வாங்கணும். கோடு எடுக்கறது யாரு, உன் பொண்டாட்டியா?"

மஷூதி விரல் விட்டுப் பார்த்தான்.

"கோடு எடுக்க ரெண்டு பேர் வேணும்," என்றான் மெதுவாக.

"ஆக மொத்தம்?"

"நாலு."

"ரெண்டு பேர்னா மெஷின் பாதி நேரம் கோழிக்குத்தான் ஆகும்."

"மெஷினை ஓட்ட ஆம்பளை ஒருத்தன் வேணும்க்கா. எந்தப் பட்டறையில பொம்பளை மெஷின் ஓட்டுறா?"

"இந்தப் பட்டறையில இப்ப ரெண்டு பேர் ஓட்டினாங்க. யாரு ஓட்டும்போது குக்கர் நின்னுச்சு?"

அவன் ஸ்விட்சைத் திரும்பிப் பார்த்தான்.

"வாங்கு," என்றாள் சுலிக்கா.

"நிஜமாவா?"

"தூசிக் குழாயும் சேத்து வாங்கு. அது இல்லாம தூசி எல்லாம் எங்க நெஞ்சுல இறங்கட்டும்னு விட மாட்டேன். உள்ள விடுறது நான். நாலு பேரும் இருப்பாங்க. இன்னொண்ணு இருக்கு, அது உனக்குக் கஷ்டம்."

"சொல்லு."

"அந்த அம்மா குரலை மத்த மூணு பேருக்கும் போட்டுக் காட்டணும். நீதான் போடணும். நான் சொல்ல மாட்டேன்."

அவன் கறுப்புப் பட்டை விழுந்த பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுத்ரிமோ திரும்பி வந்ததும் எழுந்து, "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு லாரியோட வர்றேன் அண்ணே," என்றான்.

---

பட்டறைக்கு வந்தபோது ருக்கானாவும் தர்வாதியும் கட்டத்தின் மேல் உட்கார்ந்து, தாளை மடித்து வெறும் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பாய் காலியாக இருந்தது.

"கஸ்மினி எங்க?"

தர்வாதி ருக்கானாவைப் பார்த்தாள்.

"நீங்க போன கொஞ்ச நேரத்துல கிளம்பிட்டா," என்றாள் ருக்கானா. "மயோங் பக்கம் தையல் ஃபேக்டரிக்கு. ஆள் எடுக்குறாங்களாம். நாங்க தடுத்தோம். 'ரெண்டு பேர்ல நான் இருக்க மாட்டேன், எனக்குத் தெரியும்'னுட்டா."

மஷூதி சாக்கைக் கீழே இறக்கி வைத்தான்.

"அவ இல்லன்னாலும் அந்தக் குரலை இப்பவே போடு," என்றாள் சுலிக்கா.

அவன் போனை எடுத்துப் போட்டான். பலகை பார்க்க ரொம்ப அழகா இருக்கு. ஆனா மேசை மேல வெச்சா ஆடுது. குரல் முடிந்தது. ருக்கானா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"அப்போ பதினோரு நாள் நாங்க தேய்ச்சது?"

"இன்னும் ஆட வெச்சோம்," என்றாள் சுலிக்கா. "என்னோடதுதான் ரொம்ப ஆடுச்சு."

"அது வந்து, ருக்கானா அக்கா," மஷூதி ஆரம்பித்தான், "பொதுவா நாம என்ன சொல்லுவோம்னா, எல்லாப் பட்டறையிலயும்..."

"தம்பி, சுத்தி வளைக்காதீங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க."

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"தப்பு. நான் சொன்னதுதான் தப்பு. உங்க கை மேல தப்பு இல்ல."

ருக்கானா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பதான் அலுஸா இருக்கு," என்றாள்.

தர்வாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மஷூதியின் காது சிவந்துவிட்டது.

சுலிக்கா சாக்பீஸ் கேட்டாள். காலால் பழைய கட்டத்தை அழித்துவிட்டு, ஒரு முழம் தள்ளி, சுவரோரமாகத் திருப்பிப் புதுக் கட்டம் போட்டாள். இப்போது இரண்டு பாய் விரிக்க இடம் இருந்தது. கட்டத்தின் இந்தப் பக்கம் 'சுலிக்கா' என்று எழுதினாள். பாய் போடுகிற இடத்தில் 'ருக்கானா', 'தர்வாதி'. பலகை வெளியே வருகிற பக்கத்தில் குனிந்து, கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள்: 'கஸ்மினி'.

"வெளிய வர்றதை முதல்ல தொடுற கை அவ கையாத்தான் இருக்கணும். என்னை விட அவளுக்குத்தான் முதல்ல தெரியும், எங்க கோடு நிக்குதுன்னு."

அப்போது அவள் போன் ஒலித்தது. கஸ்மினி பேசி அனுப்பியிருந்ததை எல்லோருக்கும் கேட்கப் போட்டாள். பின்னால் பஸ் சத்தம்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க, சொல்லாம வந்துட்டேன். வேலை இருக்குங்கறாங்க. ஆனா தினமும் விரல் வெச்சுத்தான் உள்ள போகணுமாம், என் ரேகை விழல. பத்து விரலும் வெச்சுப் பாத்தாங்க. ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டு நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வரச் சொல்றாங்க. விழுந்துட்டா எடுத்துப்பாங்களாம்."

ருக்கானா தன் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"கூப்பிட்டு வந்துடச் சொல்லுக்கா," என்றான் மஷூதி.

"நான் கூப்பிட்டா எனக்காக வருவா. உன் முகத்தைப் பாத்ததும் மறுபடி விரலைப் பாத்துக்கிட்டு உட்காருவா. நீ போகணும். காலைல அவ கிளம்பறதுக்கு முன்னாடி, ஆறு மணிக்கு அவ வீட்டு வாசல்ல இரு."

"ஏழு மணிக்கு நான் லாரியோட பாங்ஸ்ரில இருக்கணுமே."

"லாரியோட நான் போறேன்."

"நான் போய் என்னன்னுக்கா சொல்றது? அவ கதவைக்கூடத் திறக்க மாட்டா."

சுலிக்கா சாக்கிலிருந்து ஒரு பலகையை எடுத்தாள். அடியில் 'க' என்று பென்சிலில் இருந்தது. மெஷின் அதை இன்னும் தொடவில்லை. அதை அவன் கையில் கொடுத்தாள்.

"அவ வீட்டுக்குள்ள ஓடு பதிச்ச தரைதான். அதுல வெச்சு அழுத்திக் காட்டு. அப்புறம் நீ இங்க சொன்னதையே அங்கயும் சொல்லு."

"கேக்கலன்னா?"

"ரேகை விழறதுக்கு முன்னாடி சொல்லிடு. அவ்வளவுதான் உன் கையில இருக்கு."

மஷூதி குனிந்தான். கஸ்மினியின் பெயருக்குப் பக்கத்தில் சிமென்ட் மேல் அந்தப் பலகையை வைத்தான். ஒத்திகை பார்க்கிறவன் போல ஒரு மூலையில் விரலை ஊன்றினான்.

டக்.